மூன்று அடுக்கு நேட்: பிளேஸ்டேஷன் 5-க்கும் கணினிக்கும் வீட்டு இணைப்பைச் சரிசெய்த பதிவு

எங்கள் வீட்டு இணைப்பில் பிளேஸ்டேஷன் 5 காட்டிக்கொண்டிருந்த ‘நேட் வகை 3’ இப்போது ‘வகை 2’ ஆகிவிட்டது. நேட் என்பது வீட்டுக் கருவிகளின் உள்முகவரிகளை வழியில் வேறொரு முகவரியாக மாற்றும் முறை; வகை எண் கூடக் கூட வெளியிலிருந்து நம்மோடு இணைவது கடினம். கால் ஆஃப் டியூட்டி விளையாட்டுக்குள் ‘ஸ்ட்ரிக்ட்’ என்றிருந்த இடத்தில் ‘ஓபன்’ என்று வருகிறது. மாடியில் தம்பி கன்சோலிலும் கீழே நான் விண்டோஸ் கணினியிலும் ஒரே விளையாட்டை ஒரே நேரத்தில் ஆடுகிறோம். குழுப் பேச்சில் ஒருவர் குரல் இன்னொருவருக்குக் கேட்காமல் போவதில்லை. இந்த நிலைக்கு வருவதற்குச் செய்த வேலைகளை, பயன்படாமல் போனவற்றையும் விடாமல், நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நேட் சிக்கலுக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை ‘இந்த போர்ட்களைத் திறங்கள்’ என்றுதான் தொடங்குகின்றன (இங்கே போர்ட் என்பது, வரும் தரவு எந்த நிரலுக்கு என்று காட்டும் எண்). இந்தியாவில் பல வீடுகளில் தடை வீட்டு ரவுட்டரில் இருப்பதே இல்லை என்பதால், அந்த அறிவுரையைப் பின்பற்றுகிறவர்களின் மாலை நேரம் வீணாகிறது. எத்தனை இடங்களில் முகவரி மாற்றப்படுகிறது, அவற்றில் எத்தனை நம் கையில் இருக்கின்றன என்பதை முதலில் எண்ணிப் பார்த்துவிட்டால் மீதி வேலை சுருங்கிவிடும்.

வீடு மதுரையில் இருக்கிறது. உள்ளூர் நிறுவனம் ஒன்றின் ஃபைபர் இணைப்பு, 100 எம்பிபிஎஸ் திட்டம். எல்லோரும் மோடம் என்று அழைக்கும் ஓஎன்டி கருவியை நிறுவனமே தந்தது. அதற்குள்ளேயே வைஃபையும் ரவுட்டரும் உண்டு. மாடிக்கு அதன் வைஃபை எட்டாததால் டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 ரவுட்டர் ஒன்றை ஏற்கெனவே வாங்கி, அதில் ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருளை ஏற்றிவைத்திருந்தேன். ஓஎன்டியின் முதல் லேன் போர்ட்டிலிருந்து ஒரு கேபிள் ரவுட்டரின் நீல நிறப் போர்ட்டுக்குச் செல்லும். கன்சோலும் கணினியும் ரவுட்டரோடு இணைந்திருந்தன.

எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை

எதையும் தொடுவதற்கு முன் அறிகுறிகளைத் தாளில் எழுதினேன். இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். பதிவிறக்கம் முழு வேகத்தில் வந்தது. பொது ஆட்டங்களில் சேர்வதில் தடை இல்லை. பிளேஸ்டேஷன் குழுப் பேச்சில் குறிப்பிட்ட இரு நண்பர்களின் குரல் மட்டும் எங்களுக்குக் கேட்கவில்லை. அவர்களுக்கும் எங்கள் குரல் போய்ச் சேரவில்லை. தம்பி தொடங்கும் தனி ஆட்டத்தில் நண்பர்களால் நுழைய முடியவில்லை. நண்பர்களில் ஒருவர் தொடங்கினால் எங்களால் நுழைய முடிந்தது, இன்னொருவர் தொடங்கினால் முடியவில்லை.

பொது ஆட்டங்கள் பெரும்பாலும் விளையாட்டு நிறுவனத்தின் சேவையகங்களில் நடப்பவை. அங்கே நம் கருவிதான் முதலில் வெளியே பேசுகிறது. பதில் அதே வழியில் திரும்பி வருகிறது. வெளியிலிருந்து ஒருவர் நம் கருவியை நேரடியாகத் தேடி வரும்போதுதான் நேட் குறுக்கே நிற்கும். இங்கே உடைந்தவை எல்லாமே வெளியிலிருந்து தேடி வரும் இணைப்புகளாக இருந்ததால், வேகமோ டிஎன்எஸ்ஸோ காரணமாக இருக்க முடியாது என்பது அப்போதே தெளிவாயிற்று. டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8 என்று மாற்றினால் நேட் வகை மாறும் என்று பலர் சொல்வதை நான் முயன்று பார்க்கவே இல்லை; பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவைக்கும் போர்ட் மாற்றத்துக்கும் தொடர்பு கிடையாது.

வைஃபை இழப்பை நேட் சிக்கல் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, அடுத்ததாக மாடிக்கு 24 மீட்டர் கேட்6 கேபிள் இழுத்தேன். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு என்ற வரிசையில் இரு முனைகளிலும் ஆர்ஜே45 கனெக்டர் வைத்து கிரிம்ப் செய்தேன். லேன் டெஸ்டரில் ஏழாம் விளக்கு எரியவில்லை. ஒரு முனையை வெட்டித் திரும்பப் போட்டதும் எட்டும் எரிந்தன. டெஸ்டர் இல்லாதவர்கள் இணைப்பின் வேகத்தைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம்: கிகாபிட் போர்ட் இரண்டுக்கு நடுவே 100 எம்பிபிஎஸ் மட்டும் காட்டினால் நான்கு இணைக் கம்பிகளில் ஏதோ ஒன்று சேரவில்லை என்று பொருள். கேபிள் வந்த பிறகு குரல் நடுவே வெட்டுப்படுவது நின்றது. குரலே வராத நண்பர்களின் குரல் அப்போதும் வரவில்லை. நேட் வகை 3 அப்படியே இருந்தது.

போர்ட் திறந்தும் பயனில்லை

வழக்கமான அறிவுரையை முழுமையாகச் செய்து பார்த்தேன். கன்சோலின் மேக் முகவரிக்கு (கருவியின் வன்பொருள் எண்ணுக்கு) 192.168.10.20 என்ற நிலையான உள்முகவரியை ஒதுக்கினேன். ஓபன்டபிள்யூஆர்டி தொடக்கத்தில் 192.168.1.1 என்றே அமைந்திருக்கும். எங்கள் ஓஎன்டியும் அதே எண்ணில் இருந்ததால் ரவுட்டரை முன்பே 192.168.10.1-க்கு மாற்றியிருந்தேன். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ரவுட்டர்கள் வைத்திருப்பவர்கள் இந்த மோதலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிறகு பிளேஸ்டேஷனுக்கு உரிய யூடிபி 3478, 3479, டிசிபி 3478 முதல் 3480 வரை, விளையாட்டுக்காக யூடிபி 3074 ஆகியவற்றை அந்த முகவரிக்குத் திருப்பிவிட்டேன். யூடிபி, டிசிபி இரண்டும் தரவை அனுப்பும் இரு முறைகள். கன்சோலை மறுபடி இயக்கிச் சோதித்தபோது வகை 3 என்றே வந்தது.

இந்த இடத்தில் பலர் இணையத்திலுள்ள போர்ட் சோதனைத் தளங்களை நாடுவார்கள். அவை பெரும்பாலும் டிசிபியை மட்டுமே சோதிக்கும். அந்த நொடியில் அந்த போர்ட்டில் ஒரு நிரல் காத்திருக்கவில்லை என்றால், வழி திறந்திருந்தாலும் ‘மூடியிருக்கிறது’ என்றே சொல்லும். நான் செய்த சோதனையைப் பரிந்துரைக்கிறேன். மடிக்கணினியில் பைத்தானோடு வரும் எளிய வலைச் சேவையகத்தை 8080 என்ற எண்ணில் ஓடவிட்டு, விண்டோஸ் ஃபயர்வாலில் அதற்கு அனுமதி தந்து, ரவுட்டரில் டிசிபி 8080-ஐ மடிக்கணினிக்குத் திருப்பினேன். கைப்பேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் எங்கள் பொது முகவரியையும் 8080-ஐயும் உலாவியில் இட்டேன். வழி திறந்திருந்தால் மடிக்கணினியின் கோப்புப் பட்டியல் கைப்பேசியில் தெரிய வேண்டும். எதுவும் வரவில்லை, உலாவி காத்திருந்து ஓய்ந்தது. ரவுட்டரின் ஃபயர்வால் பக்கத்தில் அந்த விதிக்கு நேரே உள்ள பாக்கெட் (தரவுத் துண்டு) எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து நகரவில்லை. அதாவது விதி தவறானது அல்ல. அந்த விதி வரைக்கும் எதுவும் வந்து சேரவில்லை.

மூன்று முகவரிகள்

விடை அடுத்த அடியில் கிடைத்தது. இதைச் செய்யச் சில நிமிடங்கள் போதும், காசு எதுவும் வேண்டாம். இதையே எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டும்.

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில், இணையத்தை நோக்கியிருக்கும் பக்கத்தின் முகவரி காட்டப்படும். அதை வெளிமுகவரி என்று குறிப்பிடுகிறேன். என் ரவுட்டரின் வெளிமுகவரி 192.168.1.5. இது ஓஎன்டி கொடுத்த உள்முகவரிதான் என்பது பார்த்ததும் தெரிந்துவிடும். அடுத்து ஓஎன்டியின் பக்கத்துக்குள் சென்று அதன் வெளிமுகவரியைப் பார்த்தேன், 100.72 என்று தொடங்கியது. மூன்றாவதாக, நம் பொது முகவரியைக் காட்டும் தளம் ஒன்றைத் திறந்தேன். அது 100-இல் தொடங்கவே இல்லை, முற்றிலும் வேறு எண். மூன்று இடங்களில் மூன்று முகவரிகள் என்றால் நடுவே மூன்று முறை முகவரி மாற்றம் நடக்கிறது: என் ரவுட்டரில் ஒன்று, ஓஎன்டியில் ஒன்று, நிறுவனத்தின் வளாகத்தில் ஒன்று.

100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான முகவரிகள், இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக 2012-இல் ஒதுக்கப்பட்டவை. 2011 பிப்ரவரியில் உலகப் பொது இருப்பிலிருந்த ஐபிவி4 (பழைய வகை இணைய) முகவரிகள் தீர்ந்துபோனதன் விளைவு அது. இந்த ஏற்பாட்டைத்தான் சிஜிநேட் என்கிறார்கள். 100-இல் தொடங்கும் எல்லா முகவரியும் இந்த வகை அல்ல என்பதையும், சில நிறுவனங்கள் இதற்கு 10-இல் தொடங்கும் முகவரிகளையே பயன்படுத்துகின்றன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வழியிலுள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் டிரேசர்ட் கட்டளையின் முடிவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. என் கணினியிலிருந்து 8.8.8.8-க்கு அதை ஓட்டியபோது 192.168.10.1, 192.168.1.1, பிறகு 100.72 என்று தொடங்கும் ஒன்று, பிறகு 10-இல் தொடங்கும் சில என்று வரிசையாக வந்தன. முதல் மூன்றும் அடுக்குகளைச் சரியாகக் காட்டின. அந்த 10-இல் தொடங்குபவை நிறுவனத்தின் உள் ரவுட்டர்களின் முகவரிகள் மட்டுமே. பொது முகவரி உள்ள இணைப்பிலும் அவை வழியில் தென்படும். வெளிமுகவரியையும் பொது முகவரியையும் அருகருகே எழுதி ஒப்பிடுவதே உறுதியான சான்று.

கருவிகள் தாமே ரவுட்டரிடம் கேட்டுப் போர்ட் திறந்துகொள்ளும் யூபிஎன்பி வசதியை இயக்கியிருந்தும் அதன் பட்டியல் ஏன் வெறுமையாக இருந்தது என்பதும் இப்போது புரிந்தது. ஓபன்டபிள்யூஆர்டியில் அந்த வேலையைச் செய்வது மினியூபிஎன்பிடி என்ற நிரல். ரவுட்டரின் வெளிமுகவரி, பொது இணையத்தில் செல்லாத தனிப்பயன் வகையாக இருந்தால் அது போர்ட் திறக்க மறுத்துவிடும். காரணத்தைப் பதிவேட்டில் எழுதியும் வைக்கும். அந்த வரி முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தது. சில ரவுட்டர்கள் இப்படி மறுக்காமல் திறந்துவிட்டதாகவே காட்டும். அவற்றில் பட்டியல் நிறைந்திருக்கும், பயன் இருக்காது. அந்த வகையில் மறுப்பதே நேர்மையான நடத்தை என்பேன்.

ஓஎன்டியை ஒதுக்குதல்

நடு அடுக்கை நீக்குவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஓஎன்டியின் டிஎம்இசட் பகுதியில் என் ரவுட்டரின் முகவரியைக் கொடுத்து, வெளியிலிருந்து வரும் எல்லாவற்றையும் அதற்கே தள்ளச் சொல்வது எளிய வழி. அதைச் செய்தேன், மாலையில் இருந்த அமைப்பு மறுநாள் காலையில் மறைந்திருந்தது. நிறுவனங்கள் தங்கள் கருவிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க டிஆர்-069 என்ற முறையைப் பயன்படுத்துகின்றன. அதன் வழியாக அவர்களின் அமைப்பு திரும்ப எழுதப்படலாம். நம் சொத்து அல்லாத கருவியில் செய்யும் மாற்றத்தை நம்பி மேலே கட்டக் கூடாது.

இரண்டாவது வழி பிரிட்ஜ் முறை. அதில் ஓஎன்டி ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றும் வேலையை மட்டும் செய்யும். இணைப்பைத் தொடங்கும் பொறுப்பு நம் ரவுட்டருக்கு வரும். இதற்கு நிறுவனத்தின் ஒத்துழைப்பு கட்டாயம் வேண்டும். பிபிபிஓஇ (நிறுவனத்தின் வலைக்குள் நுழையும் முறை) பயனர் பெயர், கடவுச்சொல், வி-லேன் எண் (கேபிளில் நம் போக்குவரத்தைப் பிரித்துக் காட்டும் எண்) ஆகிய மூன்றும் நமக்குத் தெரிய வேண்டும். வாடிக்கையாளர் சேவை எண்ணில் பிரிட்ஜ் என்ற சொல்லே அவர்களுக்குப் புரியவில்லை. ஆனால் எங்கள் பகுதிக்கு வரும் தொழில்நுட்பப் பணியாளருக்கு உடனே புரிந்தது. “பிரிட்ஜ் போட்டுத் தர்றேன் சார், ஆனா அதுல இருக்கிற போன் லைன் ஓடாது, வைஃபையும் வராது, பரவாயில்லையா?” என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். நாங்கள் அந்தத் தொலைபேசி வசதியைப் பயன்படுத்தியதில்லை. பயன்படுத்துகிறவர்கள், அதற்கென்று தனி இணைப்பை ஓஎன்டியில் விட்டுவைக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அவர் ஓஎன்டியில் முதல் லேன் போர்ட்டைப் பிரிட்ஜுக்கு ஒதுக்கினார். வி-லேன் எண்ணை ஓஎன்டியிலேயே வைத்துக்கொண்டார். அதனால் என் ரவுட்டரில் வி-லேன் அமைக்கத் தேவைப்படவில்லை. இதைத் தெளிவாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்: இரண்டு பக்கமும் வி-லேன் எண்ணை இட்டாலும், இரண்டு பக்கமும் விட்டாலும் இணைப்பு வராது, பிழைச் செய்தியும் தெளிவாக இருக்காது. ரவுட்டரில் வெளி இணைப்பின் வகையை பிபிபிஓஇ என்று மாற்றி, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்ததும் சில நொடிகளில் முகவரி வந்தது. பிபிபிஓஇ ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, 1500-இலிருந்து 1492 ஆகிறது. ‘துண்டாக்கக் கூடாது’ என்னும் டிஎஃப் குறியுடன் 1464 பைட்டு பிங் அனுப்பிப் பார்த்தேன், சென்றது, 1465 செல்லவில்லை. தலைப்பகுதிக்கான 28 பைட்டைச் சேர்த்தால் 1492, கணக்குச் சரி.

இப்போது ரவுட்டரின் வெளிமுகவரியே 100.72 என்று தொடங்கியது. மூன்று அடுக்குகள் இரண்டாயின. கன்சோலின் சோதனையில் முதன்முறையாக வகை 2 என்று வந்தது, விளையாட்டுக்குள் ‘மாடரேட்’. லாபியில் யாரும் பேசாமல் சிறிது நேரம் இருந்தால் குரல் இணைப்பு அறுபடும் தொல்லையும் இத்துடன் நின்றது. யூடிபி இணைப்பு பேச்சின்றி இருந்தால் குறைந்தது 2 நிமிடங்களுக்காவது அந்த வழியை மூடக் கூடாது என்று 2007-இல் வந்த ஆர்எஃப்சி 4787 என்ற இணைய நெறிமுறை ஆவணம் சொல்கிறது. அந்த ஓஎன்டியைக் கடந்து போனபோது அறுந்ததும், அதை ஒதுக்கிய பின் அறாததும் கண்கூடு.

நம் கையில் இல்லாத அடுக்கு

மீதமிருந்தது நிறுவனத்தின் சிஜிநேட். பைத்தான் சேவையகச் சோதனையைத் திரும்பச் செய்தேன். கைப்பேசியிலிருந்து பதில் வரவில்லை, விதியின் எண்ணிக்கையும் பூச்சியம். ஒரு நண்பரோடு பேச்சு சரியாயிற்று, இன்னொருவரோடு சரியாகவில்லை. அந்த இன்னொருவரின் கன்சோலும் ‘ஸ்ட்ரிக்ட்’ காட்டியது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெளியே பாக்கெட் அனுப்பி நடுவே வழி உண்டாக்கும் முறை, ஒவ்வொரு புதிய எதிராளிக்கும் வேறு போர்ட் எண் தரும் நேட்டுக்கு எதிரே தோற்றுவிடும். விண்டோஸ் கணினியில் எக்ஸ்பாக்ஸ் செயலியின் நெட்வொர்க் பக்கம், நேட்டைத் தாண்டி இணைக்க உதவும் டெரிடோ தகுதி பெறவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பணம் கொடுத்துப் பொது முகவரி வாங்குவதற்கு முன், மும்பையில் ஒரு சிறிய வாடகைச் சேவையகம் எடுத்து, ரவுட்டரிலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற விபிஎன் சுரங்கம் அமைத்து, கன்சோலின் போக்குவரத்தை மட்டும் அதன் வழியே விட்டுப் பார்த்தேன். அந்தச் சேவையகத்தில் யூடிபி 3074-ஐயும் பிளேஸ்டேஷன் போர்ட்களையும் சுரங்கத்துக்குள் திருப்பினால் நேட் சிக்கல் உண்மையிலேயே தீர்கிறது. சுரங்கத்துக்காக எம்டியூ இன்னும் குறைகிறது. மாத வாடகை சேர்கிறது. ஆட்டம் நடக்கும் சேவையகம் சிங்கப்பூரில் இருந்தால் மதுரையிலிருந்து மும்பை போய் அங்கிருந்து சிங்கப்பூர் போக வேண்டியிருக்கிறது. எங்கள் அளவீட்டில் அந்தச் சுற்று வழி பிங்கில் (தரவு போய்வரும் நேரத்தில்) 30 மில்லிநொடிக்கு மேல் கூட்டியது. நிறுவனம் பொது முகவரி தரவே மறுக்கும் இடங்களில் இது நல்ல வழி. கொடுக்கும் இடத்தில் தேவையற்றது.

எங்கள் நிறுவனம் நிலையான பொது முகவரியைத் தனிக் கட்டணத்துக்குத் தருகிறது: ஆண்டுக்கு ரூ.1,500, அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி, மொத்தம் ரூ.1,770. விளையாட்டுக்கு முகவரி நிலையானதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நாளுக்கு ஒன்றாக மாறினாலும் பொது முகவரியாக இருந்தால் போதும். அப்படி ஒரு திட்டம் உண்டா என்று கேட்டேன், இல்லை என்றார்கள். வாங்கினேன். அடையாளச் சான்றின் நகலும் ஒரு விண்ணப்பமும் கேட்டார்கள். அவர்கள் பக்கம் மாற்றியதும் ரவுட்டரில் பிபிபிஓஇ இணைப்பைத் துண்டித்து மறுபடி தொடங்கினேன். வெளிமுகவரியும் பொது முகவரியும் எண்ணுக்கு எண் ஒன்றாக இருந்தன. கைப்பேசியின் உலாவியில் மடிக்கணினியின் கோப்புப் பட்டியல் வந்து நின்றது. பார்த்ததும் பெரிய நிறைவு. உடனே அந்த 8080 விதியை நீக்கினேன்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பொது முகவரி வந்ததால் பிங் குறையவில்லை. முன்பும் பின்பும் அதே சேவையகத்துக்கு அதே மில்லிநொடிகள்தான். நேட் திறந்தால் ஆட்டம் வேகமாகும் என்று நம்பி யாரும் ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டாம். யாரோடு இணைய முடியும், யார் குரல் கேட்கும் என்பதுதான் மாறும்.

இரண்டு கருவிகள், ஒரே 3074

கன்சோல் ‘ஓபன்’ ஆயிற்று. கீழே கணினியில் அதே விளையாட்டைத் திறந்தால் ‘மாடரேட்’. காரணம், நான் முன்பு கையால் எழுதிய விதி: யூடிபி 3074 முழுவதும் கன்சோலுக்கே என்று அது கட்டிப்போட்டிருந்தது. கணினியில் விளையாட்டும் அதே எண்ணைத்தான் விரும்புகிறது. ஒரே பொது முகவரியில் ஒரு போர்ட் எண்ணை இரண்டு கருவிகளுக்குத் தர இயலாது. ஒரே வீட்டில் இரண்டு பேர் விளையாடும் இடங்களில், கையால் போர்ட் திருப்புவது இந்தக் காரணத்தால் தீங்காகவே முடிகிறது.

கையால் எழுதிய எல்லா விதிகளையும் அழித்தேன். யூபிஎன்பியை மட்டும் இயக்கிவிட்டு இரண்டு கருவிகளையும் மறுபடி தொடங்கினேன். பட்டியலில் கன்சோலுக்கு யூடிபி 9308-உம் 3074-உம் வந்தன; கணினி 3074 கேட்டுக் கிடைக்காமல் வேறு ஓர் எண்ணை வாங்கிக்கொண்டது. இரண்டும் ‘ஓபன்’. எக்ஸ்பாக்ஸ் கன்சோல் வைத்திருப்பவர்களுக்கு மேம்பட்ட நெட்வொர்க் அமைப்புகளில் மாற்று போர்ட் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. இரண்டு எக்ஸ்பாக்ஸ் உள்ள வீட்டில் ஒன்றுக்கு அதை மாற்றிவைப்பது நல்லது.

எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. ‘ஸ்ட்ரிக்ட்’ காட்டும் அந்த நண்பரின் இணைப்பில் எதுவும் மாறவில்லை. ஆனாலும் அவர் குரல் இப்போது கேட்கிறது, தம்பி தொடங்கும் ஆட்டத்துக்குள் அவரால் வர முடிகிறது. ஒரு பக்கம் முழுமையாகத் திறந்திருந்தால் மறுபக்கம் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் அவர் நம்மைத் தேடி வந்துவிடலாம். குழுவில் ஒருவர் மட்டும் பொது முகவரி வாங்கி, எப்போதும் அவரே ஆட்டத்தைத் தொடங்கினால், மற்றவர்களுக்கு அந்தச் செலவு தேவைப்படாமலே போகலாம்.

திறந்த பின் மூட வேண்டியவை

சிஜிநேட்டுக்குப் பின்னால் இருந்தவரை வெளியிலிருந்து யாராலும் எங்கள் ரவுட்டரைத் தொட முடியாது. பொது முகவரி வந்த அன்றே தானியங்கி நிரல்கள் வந்து தட்டத் தொடங்கிவிட்டன என்பதைப் பதிவேட்டில் பார்த்தேன். எனவே இந்தப் பகுதியை யாரும் விட்டுவிடக் கூடாது. ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் வெளியிலிருந்து திறக்கிறதா என்று மொபைல் டேட்டாவில் சோதித்தேன்; திறக்கவில்லை. நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றினேன், மென்பொருளைப் புதுப்பித்தேன். மினியூபிஎன்பிடியில் பாதுகாப்பு முறை இயங்குகிறதா என்று உறுதிசெய்தேன். அது இயங்கினால் ஒரு கருவி தனக்கு மட்டுமே போர்ட் கேட்க முடியும், பக்கத்துக் கருவிக்குத் திறந்துவிட முடியாது. 1024-க்குக் கீழுள்ள எண்களைத் தர மறுக்கும் விதி தொடக்கத்திலேயே இருக்கிறது. அதை அப்படியே விட்டேன். அதற்கு மேல் ஒரு விதி சேர்த்து, கன்சோலின் முகவரிக்கும் என் கணினியின் முகவரிக்கும் மட்டுமே யூபிஎன்பி என்று சுருக்கினேன். வீட்டில் ஒரு சிசிடிவி பெட்டி இருக்கிறது. அது தானாகப் போர்ட் திறந்துகொள்ளும் வாய்ப்பை இதன் மூலம் அடைத்தேன். டிஎம்இசட்டைக் கன்சோலுக்குக் கொடுத்துவிடுங்கள் என்ற அறிவுரையை நான் ஏற்கவில்லை. யூபிஎன்பி ஒழுங்காக இயங்கும் இடத்தில் அதற்குத் தேவையே இல்லை.

மின்வெட்டுக்குப் பிறகு மட்டும் வந்த சிக்கல்

எல்லாம் சரியான பிறகும் சில மாலைகளில் ‘மாடரேட்’ திரும்ப வந்தது. மின்சாரம் போய் வந்த நாட்களில்தான் அப்படி நடக்கிறது என்று குறிப்புகளைப் பார்த்தபோது தெரிந்தது. கன்சோல் இன்வெர்ட்டரில் இருந்தது; ஓஎன்டியும் ரவுட்டரும் இல்லை. ரவுட்டர் அணைந்தெழும்போது யூபிஎன்பி பட்டியல் அழிந்துவிடுகிறது, ஏனென்றால் அது தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கிறது. கன்சோலோ, தான் முன்பு வாங்கிய போர்ட் இன்னும் திறந்திருப்பதாகவே கருதிக்கொண்டிருக்கிறது. கன்சோலில் இணையச் சோதனையை மறுபடி ஓட்டி, விளையாட்டை மூடித் திறந்தால் சரியாகிவிடும்.

நிலையான தீர்வாக 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று, ரூ.1,350-க்கு வாங்கினேன். ஓஎன்டியும் ரவுட்டரும் 12 வோல்ட்டில் ஓடுபவை என்பதால் இரண்டு முனைகளுள்ள ஒரே யூபிஎஸ் போதுமாக இருந்தது. வாங்கும் முன் இரண்டு அடாப்டர்களிலும் எழுதியுள்ள ஆம்பியரைக் கூட்டிப் பார்த்து, அதற்கு மேல் தாங்குவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சொருகியின் அளவு 5.5 மில்லிமீட்டர், உள்துளை 2.1, 2.5 என்று இரண்டு வகை உண்டு, பொருந்தாததை அழுத்திச் செருகினால் இணைப்பு தளர்ந்து ரவுட்டர் அவ்வப்போது அணையும்.

செலவுக் கணக்கு: கேட்6 கேபிள் மீட்டர் ரூ.22 வீதம் ரூ.528, ஆர்ஜே45 கனெக்டர்கள் ரூ.80, பொது முகவரி ரூ.1,770, மினி யூபிஎஸ் ரூ.1,350, மொத்தம் ரூ.3,728. கிரிம்பிங் கருவியும் டெஸ்டரும் நண்பரிடம் இரவல். வாடகைச் சேவையகத்துக்கு ஆன தொகையை இதில் சேர்க்கவில்லை.

அடுத்த முறை ஒரு புதிய இணைப்பு எடுத்தால், வேகத்தையும் கட்டணத்தையும் கேட்பதற்கு முன்பே இரண்டு கேள்விகள் கேட்பேன்: பிரிட்ஜ் போட்டுத் தருவீர்களா, பொது முகவரி உண்டா, உண்டென்றால் என்ன விலை. மூன்று முகவரிகளையும் எழுதி ஒப்பிட்ட பிறகே எந்த அமைப்பையும் தொடுவேன். போர்ட் எண்களைக் கையால் திருப்பும் வேலையில் இறங்கவே மாட்டேன். பிரிட்ஜ் போட்ட அன்றே ரவுட்டரின் அமைப்பைக் காப்புநகல் எடுத்து, பிபிபிஓஇ விவரங்களோடு சேர்த்துக் கணினிக்கு வெளியேயும் ஒரு பிரதி வைப்பேன். இணைப்பே இல்லாத நேரத்தில்தான் அந்தக் கடவுச்சொல் தேவைப்படும்.

முகவரிகள் ஏராளமாக உள்ள புதிய வகையான ஐபிவி6 மட்டும் இன்னும் பாக்கி. கணினிக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் அது இருந்தால் முகவரி மாற்றம் இல்லாமலே நேரடியாகப் பேச இயலும். கைப்பேசியில் எங்களுக்கு ஐபிவி6 கிடைக்கிறது. இந்த ஃபைபர் நிறுவனம் வீட்டு இணைப்புகளுக்கு இன்னும் அதைத் தரவில்லை. பொது முகவரிக்கான ஆண்டுக் கட்டணத்தைப் புதுப்பிக்கும்போது திரும்பவும் கேட்கப்போகிறேன். கொடுத்தால் ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் வெளியிலிருந்து வரும் யூடிபிக்குத் தனியாக விதி எழுத வேண்டியிருக்கும். அதைச் செய்து பார்த்த பின் அந்த அளவீடுகளையும் எழுதுகிறேன்.